ஆங்கிலத்தில் வீழ்ச்சியை எழுதுவது எப்படி? எடுப்பான குறைவுகளுக்கான சொற்சேர்க்கைகள்: முழுமையான வழிகாட்டி

"தெயார் வோஸ் எ ஹை டிக்ரீஸ் இன் டூரிஸ்ட்ஸ்."

ஐ.ஈ.எல்.டி.எஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதத் தயாராகிறவர்களின் கொப்பிகளிலும், கோட்டைப் பக்கம் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களின் மாதாந்த அறிக்கைகளிலும் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. இலக்கணப் பிழை இல்லை. சொல்ல வந்ததும் விளங்குகிறது. இருந்தும் ஆங்கிலம் புழங்குகிறவர் காதில் அது இடறும், ஏனென்றால் டிக்ரீஸுக்கு முன்னால் ஹை வருவதில்லை. ஷார்ப் வரும், ஸ்டீப் வரும், மார்க்ட் வரும், சிக்னிஃபிகன்ட் வரும். ஒரு அளவு எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்லத்தான் ஹை: ஹை பிரைஸ், ஹை டெம்பரேச்சர், ஹை டிமாண்ட். ஒன்று இறங்குவதைச் சொல்ல அந்தச் சொல் உதவாது. ஹை இன்க்ரீஸ் என்று எழுதுவதும் இதே பிழைதான்.

தமிழிலும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். காய்ச்சல் தணியும், வெள்ளம் வடியும், குளம் வற்றும், பங்கு விலை சரியும், நிலா தேயும். எல்லாம் குறைவதுதான். ஆனால் காய்ச்சல் வடிந்தது என்றோ பங்கு விலை வற்றியது என்றோ ஒருவரும் சொல்ல மாட்டோம். வகுப்பு வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தை அப்படிக் கேட்டு வளரும் வாய்ப்பு, கொழும்பிலேயே இருந்தாலும், எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் உட்கார்ந்து பழக வேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தையில் மாலை வகுப்பு எடுக்கிற நான் இதில் இத்தனை அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஐ.ஈ.எல்.டி.எஸ் அகடமிக் பரீட்சையின் முதல் எழுத்துப் பயிற்சி பெரும்பாலும் ஒரு வரைபடமோ அட்டவணையோதான். குறைந்தது 150 சொற்கள், அதற்கு ஒதுக்கச் சொல்வது சுமார் 20 நிமிடம். நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம். 7ஆம் பாண்ட் என்ற புள்ளி நிலைக்கான விபரிப்பிலேயே சொற்சேர்க்கை (எந்தச் சொல் எந்தச் சொல்லோடு இயல்பாகச் சேரும் என்பது) பற்றிய உணர்வு வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வரைபடம் என்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். ஏறுவதைப் பிள்ளைகள் ஓரளவு எழுதிவிடுகிறார்கள். இறங்குவதில்தான் சறுக்குகிறார்கள்.

கீழே வரும் ஆங்கிலச் சொற்களை வாய்விட்டுப் படியுங்கள். சோடி சோடியாக நாக்கில் ஏறினால்தான் பேனாவில் இறங்கும்.

முதல் படி: சொல்லைத் தேடுவதற்கு முன் வீழ்ச்சியைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் குறைந்தது என்றதும் மனப்பாடம் செய்த பட்டியலில் இருந்து ஒரு பெயரடையை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. ஒவ்வொரு பெயரடையும் ஒரு கேள்விக்குப் பதில். எவ்வளவு குறைந்தது? எவ்வளவு வேகமாகக் குறைந்தது? தானாகக் குறைந்ததா, யாராவது குறைத்தார்களா? பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரிக் குறைந்ததா? இந்த நான்கையும் கேட்டுவிட்டால் சொல் தானாக வந்து நிற்கும்.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர்கள் 186,101 பேர். அடுத்த வருடம் 51,659 பேர். ஒரே வருடத்தில் 70 வீதத்துக்கும் மேல் குறைவு. அளவும் பெரிது, வேகமும் பெரிது. இதற்கு ஷார்ப் டிரொப் பொருந்தும், டிரமடிக் ஃபோல் பொருந்தும்.

இப்போது மலேரியா. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பிறகு பெரும்பாலும் இறங்கிக்கொண்டே வந்து, 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவரும் இல்லை என்ற நிலை வந்தது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மொத்த அளவைப் பார்த்தால் டெங்கு இறங்கியதைவிடப் பெரிய இறக்கம். ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் எடுத்திருக்கிறது. இதைச் சடன் டிரொப் என்று எழுதினால் உண்மைக்கே மாறு. ஸ்டெடி டிக்ளைன் என்று எழுதினால் அந்த வருடங்களில் வீடு வீடாகப் போய் உழைத்தவர்களின் வேலையும் அதற்குள் அடங்கும்.

இரண்டும் பெரிய குறைவுகள், சொற்கள் வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: பெயரடையைத் தெரிவு செய்தல்

ஷார்ப். "மிஸ், ஷார்ப் எண்டா கூர்மைதானே?" என்று கேட்பார்கள். வரைபடத்தில் கோடு சட்டென்று திரும்பிக் கீழே இறங்கும் அந்த முனையை நினைத்துக்கொள்ளுங்கள். அளவும் வேகமும் சேர்ந்த இறக்கம் ஷார்ப். ஷார்ப் ஃபோல், ஷார்ப் டிரொப், ஷார்ப் டிக்ளைன், ஷார்ப் டிக்ரீஸ், நான்கும் சரி. எந்த அறிக்கையிலும் தைரியமாக எழுதலாம். ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதையே வையுங்கள்.

ஸ்டீப். செங்குத்தான இறக்கம். ஷார்ப்புக்குச் சொந்தக்காரன்; பெரும்பாலும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம். ஸ்டீப் டிக்ளைன், ஸ்டீப் ஃபோல், ஸ்டீப் டிரொப். சின்ன வேறுபாடு என்னவென்றால், ஷார்ப் திடீரென்ற திருப்பத்தைக் காட்டும். ஸ்டீப் கொஞ்ச காலம் தொடர்ந்து செங்குத்தாக இறங்குவதையும் தாங்கும். ஐந்து வருடமாகப் பிறப்பு வீதம் வேகமாக இறங்குகிறது என்றால் நான் ஸ்டீப் டிக்ளைன் என்றே எழுதுவேன்.

மார்க்ட். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. பார்த்தவுடன் தெரிகிற, சந்தேகத்துக்கு இடமில்லாத குறைவு. மார்க்ட் டிக்ரீஸ், மார்க்ட் டிக்ளைன், மார்க்ட் ரிடக்ஷன். அளவு மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, தெளிவாக இருந்தால் போதும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. ஆறில் ஒரு பங்கு. இதை டிரமடிக் என்றால் கொஞ்சம் கூடிப்போகும், ஸ்லைட் என்றால் மலையகத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மார்க்ட் டிக்ளைன் இன் டீ புரொடக்ஷன் சரியாக உட்காரும். உச்சரிப்பில் ஒரு விஷயம்: பெயரடை மார்க்ட், ஒரே அசை. வினையடையாகும்போது மார்க்கிட்லி, மூன்று அசை. பேச்சுப் பரீட்சையில் மார்க்ட்லி என்று விழுங்கிவிடாதீர்கள்.

நோட்டிசபிள். கவனித்தால் தெரியும் என்ற அளவு. மார்க்டை விட மெல்லியது, அன்றாடப் பேச்சுக்குக் கிட்டியது. வெசாக் விடுமுறையில் காலி வீதியில் வாகனம் குறைந்தால் நோட்டிசபிள் டிரொப் இன் டிராஃபிக். புள்ளிவிபரம் கையில் இல்லாமல், கண்ணால் பார்த்ததைச் சொல்ல இது நல்ல சொல்.

சிக்னிஃபிகன்ட். இதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், பக்கத்துக்கு மூன்று தடவை. தவறில்லை, சிக்னிஃபிகன்ட் டிக்ரீஸ், சிக்னிஃபிகன்ட் ரிடக்ஷன் இரண்டும் சுத்தமான சேர்க்கைகள். ஆனால் பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் நிதானிக்க வேண்டும். அங்கே சிக்னிஃபிகன்ட் என்றால் புள்ளியியல் சோதனை செய்து, இந்தக் குறைவு தற்செயலாக மட்டும் வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். சோதனை செய்யாமல் பெரிய குறைவு என்று மட்டும் சொல்ல வந்தால் சப்ஸ்டான்ஷல் அல்லது கன்சிடரபிள் போடுங்கள். நம் பத்திரிகைகளில் வரும் 'கணிசமான' என்ற சொல்லுக்கு மிகக் கிட்டியவையும் இந்த இரண்டுதான்.

டிரமடிக், டிராஸ்டிக். இவை இரண்டையும் மாற்றிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. டிரமடிக் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும் வீழ்ச்சி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு வந்த மே மாதத்தில் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 37,802 பேர். அதற்கு முந்தைய வருட மே மாதத்தில் 129,466 பேர். டிரமடிக் டிரொப் என்ற சேர்க்கை இப்படியான இடத்துக்குத்தான். டிராஸ்டிக் என்ற சொல்லில் பெரும்பாலும் ஒரு கை இருக்கும்: யாரோ கடுமையாக முடிவெடுத்துக் குறைக்கிறார்கள். டிராஸ்டிக் கட், டிராஸ்டிக் ரிடக்ஷன் இன் ஸ்பென்டிங். டிராஸ்டிக் டிரொப் என்றும் சிலர் எழுதுவார்கள், பிழை என்று அடிக்க மாட்டேன். ஆனால் செலவைக் குறைத்தல், ஆட்குறைப்பு, பட்ஜெட் வெட்டு ஆகியவற்றுக்கே அதை வைத்துக்கொண்டால் உங்கள் எழுத்து கூர்மையாக இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சடன் டிரொப், நம் 'சடுதியான வீழ்ச்சி'. இரத்த அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் இவற்றுடன் நன்றாகப் போகும். ரெபிட் டிக்ளைன், வேகத்தை மட்டும் சொல்லும். பிரிசிபிடஸ் டிக்ளைன், பாறையிலிருந்து விழுவது போன்ற பாதாள வீழ்ச்சி; கனமான சொல், ஒரு கட்டுரையில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். பிக் டிரொப், ஹியூஜ் டிரொப் இரண்டும் கதைக்கும்போது நல்லவை, அறிக்கையில் கொஞ்சம் இலேசாகத் தெரியும்.

தமிழிலிருந்து நேரே தூக்கிவந்து விழுகிற இடங்களையும் பார்த்துவிடுவோம். 'பாரிய வீழ்ச்சி' என்று நாளாந்தம் செய்தியில் கேட்கிறோம்; அதனால் ஹெவி டிக்ரீஸ் என்று கை எழுதிவிடுகிறது. ஹெவி லொஸஸ் சரி, ஹெவி டிராஃபிக் சரி, ஹெவி டிக்ரீஸ் ஒட்டாது. 'கடும் வீழ்ச்சி' ஸ்ட்ரோங் டிக்ரீஸ் ஆகிவிடுகிறது. அங்கே ஷார்ப் போடுங்கள். 'மோசமாகக் குறைந்தது' என்று நினைத்து பேட்லி டிக்ரீஸ்ட் என்று எழுதுகிறார்கள், அதற்கும் ஷார்ப்லி.

மூன்றாம் படி: பெயர்ச்சொல்லும் கவனம் கேட்கிறது

டிக்ரீஸ், டிரொப், ஃபோல், டிக்ளைன், ரிடக்ஷன், கட், டிப், ஸ்லம்ப். எட்டுக்கும் அகராதியில் குறைவு என்றே இருக்கும், ஆனால் எட்டும் எட்டு ஆட்கள்.

முதலில் பிரிக்க வேண்டியது தானாகக் குறைவதையும் ஒருவர் குறைப்பதையும். தமிழில் இது நமக்கு அத்துப்படி: குறைதல், குறைத்தல். ஒரே ஒரு மெய்யெழுத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லே மாறும். டிரொப், ஃபோல், டிக்ளைன் மூன்றும் பெரும்பாலும் குறைதல் பக்கம். கட் எப்போதும் குறைத்தல் பக்கம். ரிடக்ஷன் பெரும்பாலும் குறைத்தல் பக்கமே சாயும். டிக்ரீஸ் இரண்டு பக்கமும் போகும்.

2023 ஜூன் தொடக்கத்தில் மத்திய வங்கி துணைநில் வைப்பு வசதி வீதத்தை (வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்கு அது கொடுக்கும் வட்டி) 15.5 இலிருந்து 13க்குக் கொண்டுவந்தது. வங்கி எடுத்த முடிவு. ஆகவே ஸ்டீப் கட் இன் இன்டரஸ்ட் ரேட்ஸ் அல்லது சப்ஸ்டான்ஷல் ரிடக்ஷன். டிக்ளைன் என்று எழுதினால் வட்டி தன்பாட்டில் தேய்ந்துபோனது மாதிரி ஆகிவிடும். முடிவெடுத்தவர் யார் என்பதே மறைந்துபோகும். அலுவலக அறிக்கையில் இது சின்ன விஷயமல்ல. ஊழியர் எண்ணிக்கை டிக்ளைன் ஆனது என்று எழுதுவதும் ஊழியரை நிறுவனம் குறைத்தது என்று எழுதுவதும் ஒன்றாகுமா?

டிக்ளைன் நீண்டகால இறக்கத்துக்கும் தரம் கெடுவதற்கும் போகும்: டிக்ளைன் இன் ஸ்டாண்டர்ட்ஸ், டிக்ளைன் இன் ஹெல்த். டிப் சின்ன இறக்கம், பெரும்பாலும் மீண்டும் ஏறும் என்ற நம்பிக்கையோடு வரும். அதனால் ஷார்ப் டிப் வரலாம், டிராஸ்டிக் டிப் வராது. ஸ்லம்ப் வியாபாரத்துக்கு: ஸ்லம்ப் இன் சேல்ஸ், ஸ்லம்ப் இன் டிமாண்ட்.

நான்காம் படி: வீழ்ச்சியைத் தாங்கும் வினை

பெயரடையையும் பெயரையும் சேர்த்துவிட்டோம், சரி. அதை எந்த வினை தூக்கும்? தெயார் வோஸ் எ ஷார்ப் டிரொப் என்று தொடங்கினால் பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் தெயார் வோஸ் என்று தொடங்கினால் வாசிப்பவர் களைத்துப்போவார்.

ஸீ நல்ல மாற்று. டூரிசம் ஸோ எ ஷார்ப் டிரொப் இன் 2019. எக்ஸ்பீரியன்ஸ் கொஞ்சம் முறையானது. சஃபர் வந்தால் பாதிப்பு என்ற தொனி சேரும்: த இண்டஸ்ட்ரி சஃபர்ட் எ ஸ்டீப் டிக்ளைன். நல்ல விஷயம் குறைந்தால்தான் சஃபர். டெங்கு குறைந்ததற்கு சஃபர் போட்டால் அபத்தமாகிவிடும். ரெக்கோர்ட் அலுவலக அறிக்கைக்கு: த பிரான்ச் ரெக்கோர்டட் எ மார்க்ட் டிக்ரீஸ் இன் டிபொசிட்ஸ். ஷோ வரைபடத்துக்கு. கோஸ் காரணம் சொல்ல, லீட் டு வந்தாலும் அதே வேலை. மேக் எ டிக்ரீஸ், டூ எ ரிடக்ஷன் போன்றவற்றை எழுதாதீர்கள். குறைக்கிறவர் ஒருவர் இருந்தால் மேக் எ ரிடக்ஷன், மேக் கட்ஸ் சரி.

ஐந்தாம் படி: வினையிலேயே வீழ்ச்சியைச் சொல்வது

ஷார்ப் ஃபோல் என்பதை ஃபெல் ஷார்ப்லி என்றும் எழுதலாம். இதேபோல் டிரொப்ட் சிக்னிஃபிகன்ட்லி, டிக்ளைன்ட் ஸ்டெடிலி, டிக்ரீஸ்ட் மார்க்கிட்லி. ஒரு பத்தியில் ஒரு தடவை பெயரடை வடிவம், ஒரு தடவை வினையடை வடிவம் என்று மாற்றி மாற்றி வந்தால் எழுத்து ஓடும்.

அப்புறம், தனியாகவே போதுமான பலம் கொண்ட வினைகள் உண்டு. பிளஞ்ச், பிளமெட், டம்பிள், ஸ்லம்ப், கொலாப்ஸ். இவற்றுக்குள்ளேயே வேகமும் அளவும் இருக்கின்றன. பிளமெட்டட் ஷார்ப்லி என்று எழுதுவது 'சட்டென்று திடீரென' என்பது மாதிரி. வினையடையை வெட்டிவிடுங்கள். ரிடியூஸ்ட் டவுன், டிக்ரீஸ்ட் டவுன் என்று எழுதும் பழக்கமும் இங்கே நிறைய. டவுன் தேவையில்லை, டிக்ரீஸிலேயே கீழே போவது இருக்கிறது. கோ டவுன், கம் டவுன் இரண்டும் வேறு, அவை சரி.

எந்தப் பொருள் எந்த வினையோடு போகும் என்பதும் உண்டு. வெப்பநிலை டிரொப் ஆகும், பிளஞ்ச்சும் ஆகும். பங்கு விலை டம்பிள். கையிருப்பு டுவிண்டில்: கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து முடிவுக்கு வருவது. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டொலராக இருந்த நாட்டின் உத்தியோகபூர்வ வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்கு 2022 இறுதியில் சுமார் 190 கோடிக்கு வந்தது. ரிசேர்வ்ஸ் டுவிண்டில்ட் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் தேடினாலும் கிடைக்காது. நாணயம் டிப்ரீஷியேட் ஆகும்: ஷார்ப் டிப்ரீஷியேஷன் ஒஃப் த ருப்பி. தமிழில் பணவீக்கம் தணிந்தது என்கிறோமே, ஆங்கிலத்தில் இன்ஃப்ளேஷன் ஈஸ்ட்.

ஆறாம் படி: இன், ஒஃப், பை, டு

நல்ல சொற்சேர்க்கையைப் போட்டுவிட்டு முன்னிடைச்சொல்லில் புள்ளியை இழப்பவர்கள் அதிகம். ஒரே உதாரணத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். 2023 மார்ச் இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீட்டர் 400 ரூபாயிலிருந்து 340 ஆனது.

எது குறைந்தது என்பதற்கு இன்: எ ரிடக்ஷன் இன் த பிரைஸ். எவ்வளவு குறைந்தது என்பதற்குப் பெயர்ச்சொல்லோடு ஒஃப்: எ ரிடக்ஷன் ஒஃப் 60 ருப்பீஸ். அதே அளவு, வினையோடு வந்தால் பை: த பிரைஸ் ஃபெல் பை 60 ருப்பீஸ், ஃபெல் பை 15 பர்சன்ட். எங்கே போய் நின்றது என்பதற்கு டு: ஃபெல் டு 340. தொடங்கிய இடத்துக்கு ஃப்ரொம்.

பையையும் டுவையும் மாற்றிப் போட்டால் அர்த்தமே தலைகீழ். ஃபெல் பை 340 என்று எழுதினால் லீட்டர் 60 ரூபாய்க்கு வந்துவிட்டதென்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

வீதக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன வட்டி வீதம் 15.5 இலிருந்து 13க்கு வந்தது. இது 2.5 வீதக் குறைவா? இல்லை. 2.5 சதவீதப் புள்ளிகள் குறைவு. பர்சன்டேஜ் பொயின்ட்ஸ் என்று எழுத வேண்டும். வீதமாகக் கணக்கிட்டால் குறைவு சுமார் 16. வங்கியில் வேலை செய்கிறவர்கள் இதையே 250 அடிப்படைப் புள்ளிகள், பேசிஸ் பொயின்ட்ஸ், என்பார்கள்.

ரூபாயின் கதை இன்னும் நுட்பம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய், மே மாதத்தில் சுமார் 360. ரூபாய் 80 வீதம் விழுந்துவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. 80 வீதம் ஏறியது டொலரின் விலை. ரூபாயின் மதிப்பைப் பார்க்க வேண்டுமானால் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு டொலர் கிடைத்தது என்று கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் வீழ்ச்சி சுமார் 44 வீதம். த ருப்பி லொஸ்ட் ஓவர் 40 பர்சன்ட் ஒஃப் இட்ஸ் வேல்யூ. அதுவே எத்தனை குடும்பங்களின் சேமிப்பைப் பாதியாக்கியது என்பது நமக்குத் தெரியும்; கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஏழாம் படி: எது குறைந்தது என்று இரண்டாவது தடவை பாருங்கள்

சொற்சேர்க்கை நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் வாக்கியம் பொய்யாகும் இடம் ஒன்று இருக்கிறது. கொழும்பில் இருக்கிற நாம் இதை வேறு எவரையும் விட நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், 1.3 வீதம். எ டிரமடிக் ஃபோல் இன் இன்ஃப்ளேஷன் என்று எழுதினால் சேர்க்கையும் சரி, உண்மையும் சரி. ஆனால் பல பேர் இதையே எ டிரமடிக் ஃபோல் இன் பிரைசஸ் என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பையோடு போகிற எந்த அம்மாவும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். பணவீக்கம் விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது, விலை ஏறிய இடத்திலேயே நின்றது, இன்னும் கொஞ்சம் ஏறவும் செய்தது. ஒட்டுமொத்த விலைமட்டம் முந்தைய வருடத்தைவிடக் கீழே போனது 2024 செப்டெம்பரில்தான், அதுவும் அரை வீதம்: எ ஸ்லைட் ஃபோல் இன் பிரைசஸ்.

ஆகவே வரைபடத்தின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சொல்கூட எழுதாதீர்கள். எண்ணிக்கையா, வீதமா, வளர்ச்சி வேகமா? வளர்ச்சி வேகம் குறைந்தால் குரோத் ஸ்லோட் ஷார்ப்லி. பொருள் குறைந்தால் ஃபெல் ஷார்ப்லி. பரீட்சையில் இந்த ஒரு குழப்பம் முழுப் பதிலையும் கெடுத்துவிடும். அலுவலகத்தில் மேலதிகாரி தவறான முடிவெடுக்கவும் அது போதும்.

எட்டாம் படி: எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பத்தி

இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள்: 2018இல் 2,333,796; 2019இல் 1,913,702; 2020இல் 507,704; 2021இல் 194,495.

முதலில் நான்கு கேள்விகள். முதல் வருடக் குறைவு 18 வீதம்: பெரிது, ஆனால் நிலைகுலையவில்லை. இரண்டாவது வருடம் 70 வீதத்துக்கும் மேல்: பெருந்தொற்று, விமான நிலையம் மூடல். மூன்றாவது வருடம் மிச்சமிருந்ததிலும் 60 வீதத்துக்கும் மேல். யாரும் வேண்டுமென்று குறைக்கவில்லை, ஆகவே கட் கிடையாது, ரிடக்ஷனும் வேண்டாம். குறைந்திருப்பது ஆட்களின் எண்ணிக்கை, ஆகவே ஃபெல் என்றே சொல்லலாம்.

"டூரிஸ்ட் அரைவல்ஸ் இன் ஸ்ரீ லங்கா ஃபெல் ஷார்ப்லி பிட்வீன் 2018 அண்ட் 2021. ஆஃப்டர் எ சப்ஸ்டான்ஷல் டிரொப் ஒஃப் 18 பர்சன்ட் இன் 2019, த நம்பர் பிளமெட்டட் டு ஜஸ்ட் ஓவர் 500,000 இன் 2020. எ ஃபர்தர் ஸ்டீப் டிக்ளைன் ஃபொலோட் இன் 2021, வென் அரைவல்ஸ் டிப்ட் பிலோ 200,000."

மூன்று வாக்கியம். முதலாவது முழு வடிவத்தையும் சொல்கிறது. இரண்டாவதில் பிளமெட்டட் தனியே நிற்கிறது, துணைக்கு வினையடை இல்லை. எங்கே போய் நின்றது என்பதற்கு டு வந்திருக்கிறது. மூன்றாவதில் ஃபர்தர் என்ற சொல் முந்தைய வீழ்ச்சியோடு கொழுவுகிறது. ஆனால் கடைசியில் டிப்ட் பிலோ பற்றி நான் சமாதானமாக இல்லை. டிப் சின்ன இறக்கத்துக்கு என்று மேலே சொன்னோம். ஒரு எல்லைக் கோட்டைத் தாண்டிக் கீழே போவதைச் சொல்ல டிப் பிலோ புழக்கத்தில் இருந்தாலும், ஐந்து இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சத்துக்கு வந்ததற்கு அது மெலிந்த சொல். ஃபெல் பிலோ என்று மாற்றுங்கள். எழுதி முடித்த பிறகு இப்படி ஒரு தடவை ஒவ்வொரு சோடியாகத் தட்டிப் பார்ப்பதும் இந்தப் படியில் சேர்ந்ததுதான்.

பழகுவதற்கு ஓர் இடம்

இணையத்தில் இலவச அகராதிகள் நிறைய உண்டு. டிக்ளைன் என்று தேடினால் உதாரண வாக்கியங்களோடு வரும். ஸ்கெட்ச் என்ஜின் மென்பொருளை உருவாக்கியவர்களின் ஸ்கெல் என்ற இலவசக் கருவியில் ஒரு சொல்லைப் போட்டால் அதனோடு அதிகம் சேரும் சொற்களைக் காட்டும். ஹெவி டிக்ரீஸ் வருமா என்ற சந்தேகத்தை ஒரு நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

அதைவிட நல்ல வாய்ப்பு ஒன்று நமக்கு இங்கேயே இருக்கிறது. மத்திய வங்கி தன் ஊடக அறிக்கைகளை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. ஒரே செய்தியின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் அருகருகே வையுங்கள். தமிழில் வீழ்ச்சி, சரிவு, குறைவடைதல், தணிதல் என்று வரும் இடங்களில் பென்சிலால் கோடிடுங்கள். அதே இடத்தில் ஆங்கிலத்தில் என்ன பெயரடை, என்ன பெயர்ச்சொல், என்ன முன்னிடைச்சொல் என்று பார்த்து மூன்றையும் சேர்த்தே கொப்பியில் எழுதுங்கள், தனித்தனியாக வேண்டாம். பிறகு ஆங்கிலப் பிரதியை மூடிவிட்டுத் தமிழை மட்டும் பார்த்து வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். பஸ்ஸில் போகும்போது தொலைபேசியிலும் செய்யலாம், ஆனால் கையால் எழுதுவதுதான் நிற்கிறது. மாதக் கடைசியில் விலைச் சுட்டெண் வெளியானதும் அன்றைக்கே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, மறுநாள் ஆங்கிலப் பத்திரிகை அதையே எந்தச் சொற்களால் எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.